கடன் வாங்காத கழித்தல்

புதுப் பாடத்திட்டம் வந்திருக்கிறது என்று
மூன்றாம் வகுப்பில் கூட்டி வைத்துச் சொன்னார் பியூலா மிஸ்.
பிள்ளைகளின் பெஞ்சில்தான் எங்களுக்கும் இடம்.
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டதால்
பாதிப் பேர் வரவில்லை.

"நீங்க படிச்ச மாதிரி வீட்டுல சொல்லித் தராதீங்க.
விடையைச் சொல்லாதீங்க.
எப்படி வந்துச்சுன்னு கேளுங்க."

ட்ரெய்லர் ஓட்டும் தேசிங்கு கையைத் தூக்கினார்:
"நமக்கே தெரியலைன்னா மிஸ்?"
"அப்ப இன்னும் நல்லது."
யாரும் சிரிக்கவில்லை.
மிஸ்ஸும் சிரிக்கவில்லை.

ராத்திரி எட்டரை.
பத்துக்குப் பன்னிரண்டு அறையில்
ஒரு பக்கம் நானும் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளும்.
பத்துப் பத்தாய் அடுக்கி
ரப்பர் பேண்டு போட்டால் ஒரு கட்டு.
சனிக்கிழமைக்குள் இருநூறு கட்டு.
(எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை.
சபையில் கேட்டால் வேலை என்று சொல்லிவிடுவேன்.)
இன்னொரு பக்கம் ஹெப்சி,
குப்புறப் படுத்து, பென்சிலைக் கடித்துக்கொண்டு:
நாற்பத்து மூன்றில் இருபத்தெட்டு போனால்?

நான் சும்மா இருந்திருக்கலாம்.
"மூணுல எட்டு போகாது.
பக்கத்து வீட்டு நாலுகிட்ட ஒண்ணு கடன் வாங்கு"
என்றது வாய், தானாக.
தலையில் குட்டிக் குட்டி ஏற்றிய பாடம்,
இருபது வருஷமாகியும் இறங்கவில்லை.

"கடன் இல்லம்மா.
புது புக்குல கடனே கிடையாது."

பிடுங்கிப் பார்த்தேன்.
குச்சிக் கட்டு, கலர் கலராய் மணி,
பல்லைக் காட்டும் ஓர் அணில்.
ஆமாம், எங்கேயும் இல்லை.
திங்கள் குழு, புதன் தண்டல்,
மாசக் கடைசியில் அடகுச் சீட்டு என்று
நாங்கள் நாள் பார்க்கும் தெருவுக்குள்
இப்படி ஒரு புத்தகம்
யார் கண்ணிலும் படாமல் வந்திருக்கிறது.

"அது இருக்கட்டும்.
நீ வாங்குன ஒண்ண நாலுக்கு எப்போ திருப்பிக் குடுத்த?"

நான் கொடுக்கவே இல்லை.
ஐந்தாவது வரைக்கும் எத்தனை கணக்கு!
வாங்கிய வீடு பதிமூன்றாகிக் கணக்கை முடித்துக்கொள்ளும்,
கொடுத்த நாலு தலையில் ஒரு கோடு வாங்கி
மூன்றாகவே நிற்கும்.
கேட்டு யாரும் கதவைத் தட்டியதில்லை.

"சரி, எப்படின்னு சொல்லு."
கேள்வியாகக் கேட்க நினைத்தேன்,
அதட்டலாக வந்தது.

என் கட்டு நாலை இழுத்து வைத்தாள்.
உதிரி அட்டை மூன்று.
ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவினாள்.
"ஏய்" என்று தொண்டை வரை வந்ததை
அங்கேயே நிறுத்தினேன்.
"இது யார்கிட்டயும் வாங்கல.
நம்ம பத்து. நாமளே பிரிக்கிறோம்."
பதிமூன்றில் எட்டை என் மடியில் போட்டாள்.
இரண்டு கட்டைக் காலால் தள்ளினாள்.
மிச்சம் ஒரு கட்டு, அஞ்சு அட்டை.

மணலியிலிருந்து வந்த அவள் அப்பா
செருப்பைக் கழற்றாமல் நின்று பார்த்தார்.
"அறுபதுல முப்பத்தேழு போச்சுன்னா?" என்றார்.
இன்னொரு கட்டும் பிரிந்தது.
அன்றைக்குச் சோறு பத்து மணிக்கு.

பள்ளியில் கொடுத்த தாளில்
'வீட்டில் எவ்வாறு உதவினீர்கள்?' என்று இருந்தது.
இரண்டு வரி இடம்.
'ஒரு கட்டை பிரிக்க விட்டேன்' என்று எழுதினேன்.
'கட்டைப்' என்று ஹெப்சி திருத்தினாள்.
கையெழுத்து மட்டும் என்னுடையது.

சனிக்கிழமை வேளாங்கண்ணி அக்கா எண்ணினாள்,
எச்சில் தொட்டு, ஒவ்வொன்றாய்.
ஓர் அட்டை மொட்டையாக இருந்தது.
அதிலிருந்த பதினைந்தும்
ஹெப்சியின் கணக்கு நோட்டில், விடைக்குப் பக்கத்தில்,
சிவப்புச் சிவப்பாய் ஒட்டியிருந்தன.
எங்கள் வீட்டில் பொட்டு வைத்தது அந்த நோட்டு ஒன்றுதான்.
மிஸ் அதற்கு ஸ்டார் போட்டிருந்தார்.

அக்கா ஒரு கட்டுக் கூலியைக் கழித்தாள்.
அது பழைய முறையிலேயே நடந்தது.